வெள்ளணு தின்ற கறுப்பு

என் மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியபோது அவளுக்கு மூன்று மாதம். தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலை மறித்து நின்றுகொண்டு, "இந்தத் தடவ எனக்குக் காய்ச்சல் வந்தா, ரத்தத்துல பூச்சிய உங்க கண்ணால பாத்தாத்தான் கொயினா குடுக்கணும். பாக்காம குடுக்கக் கூடாது. பாக்காமலே பாத்தேன்னு சொல்லவும் கூடாது" என்றாள். சரி என்றேன். வாய்ச்சொல் போதாது, கையில் அடித்துச் சொல்லுங்கள் என்றாள். நேரமாகிறதே என்ற எரிச்சலில் அவள் உள்ளங்கையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி நாங்கள் மலாயாவில் மெர்சிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் அங்கே புது டிரசர். டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாட்களில் எல்லாமே அவன்தான். புண் கட்டுவான், மருந்து கலக்குவான், ஊசி போடுவான், செத்தவர் பெயரையும் எழுதுவான். அவளுக்கு ஆறாம் மாதத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா, மலேரியா என்றால் கொயினா. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்க்காமலே கொடுத்தேன். மூன்றாம் நாள் வலி கண்டு பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை.

கொயினா கர்ப்பப்பையை இறுக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலும் பிள்ளையைக் கலைக்கும் என்று தெரியும். எது கலைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. அவள் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "நீங்க குடுத்த மருந்து" என்றாள். அதற்குப் பிறகு சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததாக நினைவில்லை.

பொந்தியானுக்கு உள்ளே இருந்த தோட்டத்துக்கு நான் மாற்றிக்கொண்டு வந்தது கொஞ்சம் அதற்காகவும்தான். இங்கே நான் பொல்லாதவன் என்று பெயர் வாங்கினேன். விடியற்காலைப் பெரட்டில், காய்ச்சல்காரர்களை வரிசையாக நிறுத்திக் கொயினாத் தண்ணீரை வாயில் ஊற்றுவேன். விழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய்த் துப்புகிறவர்கள் இருந்தார்கள். கர்ப்பிணிகள் என்னைக் கண்டாலே ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். "பிள்ளையக் கரைக்கிற தண்ணி" என்று அதற்குப் பெயர். முட்டாள்தனம் என்று கத்துவேன். என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அதைச் சொல்லிச் சத்தியமும் வாங்கிவிட்டாள் என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்றுதான் நான் பெரட்டில் இன்னும் உரக்கக் கத்தினேன்.

இந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த பெரிய வரம் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்து, உலர்த்தி, சாயம் ஊற்றி, கழுவிப் பார்க்க வேண்டும். மலேரியாப் பூச்சி சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம் போல் இருக்கும், மோதிரத்தில் ஒரு கல்லும் இருக்கும். நூறு இடம் தேடு, மோதிரம் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுது. எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

வெள்ளணுக்களை அந்தத் தேடலில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு அவற்றின்மேல் ஒரு கண் உண்டு. பயிற்சியில் இருந்தபோது ஒருநாள், சாயம் போடாத புது ரத்தத்தைச் சூடு ஆறாமல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சிவப்பணுக்கள் சும்மா கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளணு ஊர்ந்தது. அதற்குக் காலும் இல்லை, வாயும் இல்லை. உடம்பில் ஒரு பக்கம் பிதுங்கும், அந்தப் பிதுக்கம் முன்னே போகும், மீதி உடம்பு அதற்குள் வழிந்து சேரும். எதிரில் ஒரு கிருமி கிடந்தது. வெள்ளணு அதைத் தொட்டது, இரண்டு பக்கமும் பிதுங்கி அதைச் சுற்றி வளைத்தது, விளிம்புகள் ஒன்றாய்ச் சேர்ந்தன. கிருமி இப்போது உள்ளே இருந்தது. கால் மணி நேரத்தில் அது மங்கிக் கரைந்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புண்ணில் வரும் சீழ் என்பதே இப்படித் தின்று தின்று செத்த வெள்ளணுக்கள்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு சீழைக் கண்டு எனக்கு அருவருப்பு வந்ததில்லை.

எங்கள் தோட்டத்துத் தண்ணீரையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சதுப்பு மண். கிணற்றில் இறைத்தால் தேத்தண்ணி நிறத்தில் வரும். சாயம் கலக்கக் கூரைத் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரைத்தான் எடுப்பேன். அதிலும் இலை ஊறி, துரு ஊறி, சாயம் திரிந்து கண்ணாடியெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். புது ஆள் என்றால் புள்ளியைப் பார்த்துப் பயப்படுவான். நான் பழகிவிட்டேன். கறுப்பாகத் தெரிந்தால் அழுக்கு, தாண்டிப் போ. ஆயிரம் கண்ணாடியில் அப்படித் தாண்டியிருக்கிறேன், அதில் பெருமை வேறு.

எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வடகிழக்கு மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முதல் நாள் உடம்பு நடுங்கியது. வெப்பமானி நூற்று நான்கைக் காட்டியது. விரலைக் குத்தி எடுத்துக்கொண்டு ஓடினேன். நூறு இடம் பார்த்தேன், இருநூறு இடம் பார்த்தேன். மோதிரம் இல்லை. இரண்டாம் நாள் காலையும் மாலையும் எடுத்தேன். இல்லை. அவள் கண்ணிமைக்கு உள்பக்கம் வெளுத்துவிட்டிருந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

"பூச்சி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப கொயினா வேண்டாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஜொகூர் பாருவிலிருந்து வாரம் ஒரு தடவை காரில் வருவார். ஸ்கூடாய்க்கு இந்தப் பக்கம் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் என்று சேதி வந்திருந்தது. தோட்டத்துத் துரையின் ஆபீசிலிருந்து டெலிபோன் போட்டேன். இரைச்சலுக்கு நடுவில் அவர் கேட்டார், பூச்சி இருக்கிறதா? இல்லை ஐயா. எத்தனை கண்ணாடி? மூன்று. அப்படியானால் சிறுநீரகக் காய்ச்சலாக இருக்கலாம், நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணுக்குக் கொயினா ஊசி போட்டுவிடாதே, ரோடு திறந்ததும் வருகிறேன் என்றார். நான் சொன்னதை வைத்து அவர் சொன்னது சரிதான். நான் சொன்னது சரியா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் என்னை அடையாளம் தெரியாமல் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தெரிந்துகொண்டாள். ஆஸ்பத்திரி ஆயாவை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பழைய மூன்று கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தேன். வானம் இருட்டிக் கிடந்தது. மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் பிடிக்கும் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் மங்கல் வெளிச்சம்தான். யார்மேல் கோபம் என்று தெரியாமல் கோபத்தோடு தேடினேன். ஒரு பெரிய வெள்ளணு வந்தது. அதன்மேல் நாலைந்து கறுப்புப் புள்ளி. அழுக்கு என்று தள்ளினேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பெரிய வெள்ளணு. அதிலும் புள்ளி. தள்ளப் போன கை நின்றுவிட்டது.

அழுக்கு என்றால் எல்லா இடத்திலும் விழ வேண்டும். சிவப்பணுமேல் விழ வேண்டும், வெறும் இடத்தில் விழ வேண்டும். வெள்ளணு எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் உட்கார அழுக்குக்கு என்ன வேண்டுதலா? மைக்ராஸ்கோப்பின் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினேன். அழுக்கு அணுவுக்கு மேலே கிடக்கும். அணு மங்கும்போது அழுக்கு தெளியும். இங்கே இரண்டும் ஒன்றாகத் தெளிந்தன, ஒன்றாக மங்கின. புள்ளிகள் உள்ளே இருந்தன. நிறமும் வேறு. சாய அழுக்கு ஊதா கலந்த கறுப்பு. இது கரிப் பழுப்பு.

ஆனாலும் நம்பப் பயமாக இருந்தது. ஆசைப்பட்டால் கண் எதையும் காட்டும். ஆயாவைக் கூப்பிட்டு ஒரு பீங்கான் கிண்ணத்தை வெந்நீரில் கழுவி, முற்றத்தில் நடு மழையில் வைக்கச் சொன்னேன். கூரையும் தொடாத, தொட்டியும் தொடாத தண்ணீர். அதில் புதுச் சாயம் கலந்தேன். அவள் விரலில் ஒரு சொட்டு எடுத்தேன், என் விரலில் ஒரு சொட்டு எடுத்தேன். இரண்டு கண்ணாடிக்கும் ஒரே சாயம், ஒரே தண்ணீர், ஒரே நேரம். அழுக்கு என்றால் என் ரத்தத்திலும் இருக்க வேண்டும். உலர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

என்னுடையதை முதலில் வைத்தேன். ஐம்பது வெள்ளணுவை எண்ணினேன். எல்லாம் சுத்தம். அவளுடையதை வைத்தேன். மூன்றாவது பெரிய வெள்ளணுவிலேயே கறுப்பு. ஏழாவதில் கறுப்பு. பத்தாவது அடையாளம் தெரியாத அளவுக்குத் தின்றிருந்தது.

அப்போதுதான் பயிற்சியில் அரைத் தூக்கத்தில் கேட்ட ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. மலேரியாப் பூச்சி சிவப்பணுவைத் தின்று, ஒரு கறுப்புக் கழிவை மிச்சம் வைக்கும். அணு வெடிக்கும்போது அந்தக் கழிவு வெளியே கொட்டும். வெள்ளணு அதையும் விழுங்கும், அகப்பட்ட பூச்சியையும் விழுங்கும். பூச்சி கரைந்துவிடும், கறுப்பு மட்டும் லேசில் கரையாமல் வெள்ளணுவின் வயிற்றில் கிடக்கும். பூச்சி விரல் ரத்தத்துக்கு வராமல் உடம்புக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. எங்கே என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் தின்றவன் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், வயிற்றில் சாட்சியோடு.

ஆபீசுக்கு ஓடினேன். டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது என்றார் கணக்கெழுதும் கிராணி. எங்கேயோ மரம் விழுந்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு நாற்பது அடி. அந்த நாற்பது அடியும் ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். 'பூச்சியப் பாத்துட்டேன்.' இரண்டே வார்த்தை. அவள் நம்புவாள், ஊசி போட்டுவிடலாம். நான் போட்ட ஊசியால் மறுபடி பிள்ளை போனால்? அப்போது பொய்யும் சேர்ந்து நிற்கும். போடாவிட்டால் இரண்டு பேரும் போவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"பாத்தீங்களா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"பூச்சியப் பாக்கல" என்றேன். "பூச்சியத் தின்னதப் பாத்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"உன் ரத்தத்துல இருக்கிற வெள்ளணு பூச்சியத் தின்னிருக்கு. தின்ன மிச்சம் அதுக்குள்ள கறுப்பா கெடக்கு. எங்கிட்ட அது இல்ல. உங்கிட்ட இருக்கு."

"நான் பாக்கணும்" என்றாள்.

மைக்ராஸ்கோப்பைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் கொண்டுவந்தேன். ஆயா மேலே குடை பிடித்தாள், நான் நனைந்தேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பெட்டியின்மேல் அதை வைத்து, வெளிச்சத்தைப் பிடித்து, அவளைத் தாங்கி உட்கார வைத்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் திணறினாள், என் கையால் மூடினேன்.

"ஊதாவா ஒண்ணு இருக்கு, அவரை வெத மாதிரி."

"அது வெள்ளணுவோட நடுக்கரு. அதச் சுத்தி என்ன இருக்கு?"

"கறுப்பா, பொடிப் பொடியா." மூச்சு வாங்கினாள். "இது எனக்குள்ள இருக்கிறதா?"

"உனக்குள்ள இருக்கிறது. உன்னோட ஆளு."

"தின்னுதுன்னா நல்லதுதானே? தின்னு தீத்துடும்ல? அப்புறம் எதுக்குக் கொயினா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பெரட்டில் யாராவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். "தீக்க முடிஞ்சிருந்தா காய்ச்சல் எறங்கியிருக்கும்" என்றேன். "அது ஒண்ணத் திங்கிறதுக்குள்ள அங்க இருபது பொறக்குது. மூணு நாளா தின்னுக்கிட்டே இருக்கு, தோத்துக்கிட்டே இருக்கு. நாமளும் ஒரு கை குடுக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ள நிக்குமான்னு கேட்டீன்னா எனக்குத் தெரியாது."

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கண்ணை எடுத்தபோது இமையைச் சுற்றிக் குழலின் வட்டம் பதிந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "போடுங்க" என்றாள்.

நூற்றுக்கணக்கான பேருக்கு ஊசி போட்டவன் நான். அன்றைக்கு மருந்தை உறிஞ்சும்போது இரண்டு தடவை காற்று ஏறியது. ஒரு மணி நேரத்தில் காதுக்குள் வண்டு இரைகிறது என்றாள், கொயினா ஏறினால் அப்படித்தான். மறுநாள் காலையிலும் போட்டேன். காய்ச்சல் நூற்று இரண்டுக்கு இறங்கியது. மத்தியானம் வயிறு கல்லாக இறுகியது. நான் தொட்டுப் பார்த்தேன், விட்டது. பத்து நிமிஷத்தில் மறுபடி இறுகியது. மூன்றாவது ஊசி கையில் தயாராக இருந்தது. போட்டால் வலி கூடலாம். நிறுத்தினால் பூச்சி திரும்பலாம். ஊசியைப் பிடித்தபடி நின்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுக்கு நிக்கிறீங்க? பாதியில விடவா ஆரம்பிச்சோம்?" என்றாள். போட்டேன்.

வலி நிற்கவில்லை. அடுத்த நாள் விடிந்து வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். ஒரு முழம்கூட இல்லை. நீலம் பாய்ந்து கிடந்தது. ஆயா தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவதில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆயா அதைப் பஞ்சில் சுற்றி, சுற்றிலும் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தாள். நான் என்ன செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், நஞ்சுக்கொடியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அதை அறுத்து, அந்த ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தேன். பூச்சி எங்கே ஒளிந்திருந்தது என்று அப்போது தெரிந்தது. தேட வேண்டிய அவசியமே இல்லை. பார்த்த இடமெல்லாம் பூச்சி. அவற்றுக்கு நடுவில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. தின்று தின்று கறுத்து, எது அணு எது கழிவு என்று பிரிக்க முடியாமல் போயிருந்தன. பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே இருந்த அந்தச் சதைக்குள் இத்தனை நாளாக ஒரு சண்டை நடந்திருக்கிறது. விரல் நுனியில் நான் எதைத் தேடினேன்?

நாலு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்து டாக்டர் வந்தார். தாயையும் பிள்ளையையும் பார்த்தார், பிழைத்துக்கொள்ளும் என்றார். பிழைத்தது. பிறகு கண்ணாடிகளைப் பார்த்தார். முதல் நாள் எடுத்ததையே நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்பு முதல் நாளே இருக்கிறதே. டெலிபோனில் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"அழுக்குன்னு நெனச்சிட்டேன் ஐயா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இதற்கு முன் நான் தாண்டிப்போன ஆயிரம் கண்ணாடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு வீட்டுக்கு வந்தேன். அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பிள்ளை மார்பில் ஒட்டிக் கிடந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். நஞ்சுக்கொடியில் பார்த்ததையும் சொன்னேன். பூச்சி இருந்தது, நிறைய இருந்தது, கொயினா கொடுக்காமல் விட்டிருந்தால் நீயும் இல்லை இதுவும் இல்லை என்றேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"போன தடவையும் இருந்திருக்குமா?" என்றாள்.

என்னிடம் கண்ணாடி இல்லை. ஒரு சொட்டு ரத்தமும் நான் எடுக்கவில்லை. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"இருந்திருக்கும்" என்றேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அந்தப் பையனுக்காக என் முன்னால் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.